லோரிமருக்குப் போனவனுக்கு

லோரிமர், இண்டியானா
9 ஏப்ரல் 1974

அன்புள்ள லூயெல்லா,

இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உனக்குக் கோபத்தைத் தவிர வேறு உபாதை இருக்காது என்று நினைக்கிறேன். மூன்று நாளாகத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை நீ பாதியில் வைக்க மாட்டாய். எவ்வளவு மோசமான பரீட்சைத் தாளாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தானே முட்டை போடுவாய்?

முதலில் மன்னிப்பு. நீ ரேடியோவில் கேட்டிருக்கக் கூடாது. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, உன்னை எதிரில் உட்காரவைத்து நானே சொல்வதாக இருந்தேன். லோரிமர் கல்லூரிக்காரர்கள் அவசரப்பட்டு மதியமே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் தலையில் ஒரு மஞ்சள் தொப்பியை வைத்துப் படமும் எடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த மஞ்சளைக் கண்டாலே எனக்குப் பித்தம் ஏறும். இப்போது அதைத் தலையில் போட்டுக்கொண்டு பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

ஏன் போனேன் என்று ஊரே கேட்கும். உனக்கு மட்டும் சொல்கிறேன். மார்ச் மாதம் கூடைப்பந்து அரையிறுதியில் தோற்று வந்தோமே, அதற்கு மறுநாள் நம் கல்லூரி விளையாட்டு இயக்குநர் பத்துப் பேர் முன்னால் என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் பசங்கள வச்சு என் மாமியார்கூட இதுவரைக்கும் வந்திருப்பாங்க." பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நான் ஸ்டாண்டிஷில் இன்னொரு வருஷம் இருக்க வேண்டுமா? அவர்களை அடிக்க வேண்டுமென்றால் அவர்கள் வயிறு எரியும் இடத்திலிருந்து அடிக்க வேண்டும். அறுபது மைல் தள்ளி, ஆற்றின் கீழ்ப்புறம், லோரிமரை விட்டால் வேறு எந்த இடம் இருக்கிறது?

ஒரு வீடு பார்த்திருக்கிறேன். மேட்டின் மேல் இருக்கிறது, சமையலறை ஜன்னலில் ஆறு தெரியும். இங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சருக்கு ஆள் தேடுகிறார்களாம். ஜூனில் பள்ளி முடிந்ததும் வந்துவிடு.

என்றும் உன்,
ஆர்லன்


ஸ்டாண்டிஷ், இண்டியானா
15 ஏப்ரல் 1974

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் டெட்மர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடைசி வரி வரை படித்தேன். இனி "நீங்கள்" என்றுதான் எழுதுவேன். வெளியூர்க்காரர்களிடம் நான் அப்படித்தான் பேசுவது.

ரேடியோவில் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே கேட்டேன் என்று தெரியுமா? டட்டன் கறிக்கடையில், சனிக்கிழமைக் கூட்டத்தில், கையில் சீட்டு எண்ணோடு. அணிக்கு ஒரு பையனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். மாலை வருவீர்களே என்று உங்களுக்குப் பிடித்த பன்றித் துண்டம் வாங்க நின்றேன். நீங்கள் லோரிமருக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. கடை முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். டட்டன் மட்டும் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார்:

"லூயெல்லா, எத்தன பேருக்கு வெட்டட்டும்? ரெண்டு பேருக்கா, ஒருத்தருக்கா?"

"ஒருத்தருக்கு வெட்டுங்க," என்றேன்.

வாங்கிக்கொண்டு வந்தேன். சமைத்தேன். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

இயக்குநர் உங்களைப் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தினார் என்கிறீர்கள். வருத்தம்தான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் நான் இருந்தேனா? என்னை ஏன் கறிக்கடையில் நிறுத்தினீர்கள்? இருபத்திரண்டு வருஷம் உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, யார் எங்கிருந்து எறிந்தார், எது விழுந்தது, எது விழவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை நிறுத்தும் ஒவ்வொரு டைம் அவுட்டிலும் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். நான் விரலைக் காட்டுவேன். எந்தப் பையன் கை சூடாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்புவீர்கள். முடிவெடுக்கும்போது மட்டும் மூன்றாம் வரிசை மறந்துபோயிற்று.

ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் வேண்டும். வெண்டல் என்ன ஆகிறான்?

பிப்ரவரியில் அவனை நம் அணிக்குக் கேட்டு, பெல்டனில் அவன் அம்மா ஓபல் ரெயர்டன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். கோழியும் மாவுருண்டையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். நீங்கள் பேசிய கோப்பை, பேட்டி, பட்டம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: "அங்க என் புள்ளைய யாரு பாத்துப்பா?" நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நான் சொன்னேன்: "நான் பாத்துக்கறேன் ஓபல். ஞாயித்துக்கெழமை சாப்பாடு எங்க வீட்லதான்." அப்புறம்தான் அவள் சரி என்றாள்.

அந்த வாக்கு என் வாயிலிருந்து வந்தது. உங்கள் வாயிலிருந்து அல்ல.

இப்படிக்கு,
லூயெல்லா டெட்மர்


லோரிமர்
22 ஏப்ரல் 1974

அன்புள்ள லூயெல்லா,

"மதிப்பிற்குரிய" என்று பார்த்ததும் கல்லூரி வக்கீல் எழுதியதோ என்று பயந்துவிட்டேன். சரி, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் "நீங்கள்" போடு. கோபம் உடம்பை விட்டு வெளியே வருவது நல்லதுதான்.

வெண்டல் என்னோடு வருகிறான். நேற்று பெல்டன் போய்விட்டு வந்தேன். ஓபல் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "ஸ்டாண்டிஷ்னு சொன்னீங்களே?" என்றாள். "நீ நம்புனது என்னையா, கட்டடத்தையா?" என்று கேட்டேன். பையன் உடனே, "கோச் எங்கயோ அங்கதாம்மா நானும்," என்று சொல்லிவிட்டான். "மிஸஸ் டெட்மர் வருவாங்கல்ல?" என்று ஓபல் கேட்டாள். வராமல் இருப்பாளா என்றேன். பார்த்துக்கொள், உன் வாக்கைக் காப்பாற்ற இப்போது ஒரே வழிதான் இருக்கிறது. நீ இங்கே வர வேண்டும்.

இன்னொன்று. படிக்கும் அறை அலமாரியில் என் குறிப்பேடுகள் இருக்கின்றன, இருபத்திரண்டும். ஒரு பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடு, இங்கே ஆள் விட்டு எடுத்துக்கொள்கிறேன். அவை இல்லாமல் எனக்குக் கை ஒடிந்ததுபோல் இருக்கிறது.

என் இடத்தில் நோரிஸ் கீலைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்களாமே! பன்னிரண்டு வருஷம் எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தவன். நல்லவன்தான். ஆனால் ஆட்டம் இறுகும்போது அவன் முகம் தயிர்போல ஆகிவிடும். ஜனவரியில் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
ஆர்லன்


ஸ்டாண்டிஷ்
3 மே 1974

பயிற்சியாளர் அவர்களுக்கு,

குறிப்பேடுகள் வராது. "என் குறிப்பேடுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் கையெழுத்து. உங்கள் எழுத்து ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. 1961-ம் வருஷத்து ஏட்டின் அட்டையில், காப்பிக் கறைக்குப் பக்கத்தில், "எண்ணெய் மாற்ற வேண்டும்" என்று. அந்த அட்டையைக் கிழித்து இத்தோடு வைத்திருக்கிறேன்.

ஓபலிடம் என் பெயரை வைத்துப் பையனை வாங்கிவிட்டீர்கள். நான் வருவேன் என்று சொன்னது யாரைக் கேட்டு? அவளுக்கு நான் கடிதம் எழுதினேன், வர மாட்டேன் என்று. அவளிடமிருந்து பதில் இல்லை. அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இனி எல்லாம்.

நோரிஸ் வந்திருந்தார். நான்தான் கூப்பிட்டு அனுப்பினேன். வாசலிலேயே தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"மிஸஸ் டெட்மர், எனக்காக நீங்க எதுவும் செய்ய வேணாம். என்ன இருந்தாலும் நீங்க அவரோட பொண்டாட்டி."

"உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போனாரா நோரிஸ்?"

"இல்ல. எனக்கும் ரேடியோதான். முடி வெட்டிக்கிட்டிருந்தேன், பாதித் தலையோட எழுந்து ஓடியாந்தேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். கால தொடச்சிட்டு உள்ள வாங்க."

சாப்பாட்டு மேசையில் இருபத்திரண்டு ஏடுகளையும் பரப்பி வைத்திருந்தேன். அவர் முகம் நீங்கள் சொன்ன தயிர் நிறத்துக்கு வந்தது. நான் டீச்சர் அல்லவா, கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன்.

"கடைசி நாலு நிமிஷம். அவர் முன்னால இருக்கார். என்ன செய்வார்?"

"பந்தை எறியாம அங்கயும் இங்கயும் கை மாத்தி நேரத்தப் போக்குவார். இது எல்லாருக்கும் தெரியுமே."

"யார் கையில மாத்துவார்?"

ஏடுகளைப் புரட்டித் தேடினார்.

"அன்னிக்கி அதிகமா புள்ளி எடுத்தவன உள்ள வச்சிருப்பார், அவன் ஃபவுலுக்குக் கோட்டுல நின்னு தனியா எறியிறதுல மோசமானவனா இருந்தாலும். அப்படி முடிஞ்ச நூத்திப் பதினாறு ஆட்டம் பாத்திருக்கேன், ஒருதடவகூட மாத்தல. அதுவரைக்கும் தூக்கி விட்டவன வெளிய எடுத்தா தன் கணக்கு தப்புன்னு ஆயிடும்னு அவருக்கு பயம்."

நோரிஸ் பென்சில் கேட்டார். கொடுத்தேன்.

உங்கள் கோட்டு, பூட்ஸ், மீன் தூண்டில் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி அனுப்புகிறேன். பனிக்காலத்துக்கு முன் வேறு எதுவும் தேவைப்பட்டால் சொல்லுங்கள்.

லூயெல்லா டெட்மர்


லோரிமர்
19 ஜனவரி 1975

அன்புள்ள லூயெல்லா,

எட்டு மாதமாக உன்னிடமிருந்து வந்தது நாலு அட்டைப் பெட்டிகள் மட்டும்தான். ஒரு வரிகூட இல்லை. நேற்று ஆட்டத்தில், எதிரணிக்காரர்களுக்கு ஒதுக்கிய மூலையில், உன் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டேன். அத்தனை மஞ்சளுக்கு நடுவில் வேறு எது கண்ணில் படும்?

எழுபத்து நாலு, அறுபது! உன் நோரிஸிடம் சொல்லு, பதினாலு புள்ளி என்பது தோல்விகூட இல்லை, அது ஒரு செய்தி என்று. இடைவேளைக்கு முன்பே தயிர் முகம் வந்துவிட்டது அவனுக்கு. உங்கள் இயக்குநர் எழுந்து போனதை நான் பார்த்தேன். அவர் மாமியாரை அடுத்த தடவை அழைத்து வரச் சொல்லு, ஒருவேளை அவள் ஜெயிக்கக்கூடும்.

வெண்டலைப் பார்த்தாயா? பதினெட்டு வயதில் இருபத்து மூணு புள்ளி! முதல் வருஷப் பையன் இப்படி ஆடி இந்த மாநிலத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? உன் ஏடுகளில் தேடிப் பார், கிடைக்காது.

எனக்கு ஒரு மாணவியைக் கொடுத்திருக்கிறார்கள், உன் வேலைக்கு. நல்ல பெண். ஆனால் நான் திரும்பிப் பார்த்தால் கையை ஆட்டி வணக்கம் சொல்கிறாள். எத்தனை விரல் என்று நான் எண்ணுவது?

ஆற்றைப் பார்த்த ஜன்னலில் இன்னும் திரைச்சீலை போடவில்லை. போதும் லூயெல்லா. பழி வாங்கியாயிற்று, ஒரு கோடை முழுக்க வாங்கிவிட்டாய். வா.

ஆர்லன்


ஸ்டாண்டிஷ்
2 பிப்ரவரி 1975

பயிற்சியாளர் அவர்களுக்கு,

வெற்றிக்கு வாழ்த்துகள். இங்கே முழங்கால் அளவு பனி. ஹீட்டர் இருமுகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். பள்ளியில் வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், அதில் பாதிக்கு ஜலதோஷம்.

வெண்டல் நன்றாக ஆடினான். ஆட்டம் முடிந்து நான் வெளியே வரும்போது துண்டோடு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "மிஸஸ் டெட்மர், ஞாயித்துக்கெழம சாப்பாடு என்னாச்சு? இங்க விடுதியில உருளக்கெழங்க பாதி வேக வச்சுப் போடறாங்க," என்றான். மேலும் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறான். அம்மா நலமா என்றேன். நலம் என்றான்.

அவன் அன்று ஏழு தடவை கோட்டில் நின்று எறிந்தான், ஐந்து விழுந்தது. உங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் பையன் எறியும்போது தேவாலயத்தில் இருப்பதுபோல அமைதியாக இருக்கிறார்கள். நல்ல பழக்கம்.

22-ம் தேதி இங்கே ஆட்டம். உங்கள் பழைய அரங்கம், வழி கேட்க வேண்டியிருக்காது. நான் மூன்றாம் வரிசையில்தான் இருப்பேன், ஆனால் எதிர்ப்பக்கம். நீங்கள் நிமிர்ந்தாலே தெரிவேன். திரும்பிப் பார்க்கும் சிரமம் இல்லை.

லூயெல்லா


லோரிமர்
26 பிப்ரவரி 1975

லூயெல்லா, என் லூயெல்லா,

நாலு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். முதல் கடிதம் முழுக்கத் திட்டியிருந்தேன். அதை நீ படிக்கவில்லை, நல்லவேளை.

மூணு நிமிஷம் இருக்கிறது. அறுபத்தொன்று, ஐம்பத்தாறு. நாங்கள் முன்னால். பந்தைக் கை மாற்றச் சொன்னேன். உங்கள் பையன்கள் நேராக வந்து வேண்டுமென்றே வெண்டலை இடித்து ஃபவுல் செய்தார்கள். அவன் கோட்டுக்குப் போனான். முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறி. அந்தக் கூடைக்குப் பின்னால் ஐந்நூறு மாணவர்கள், ஆட்டம் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள், அவன் பந்தைத் தூக்கும்போது ஒரே குரலில் அதட்டினார்கள்: "வெண்டல்!" கூச்சல் இல்லை, கேலி இல்லை. ஓர் அப்பன் அதட்டுவதுபோல. பையன் தோள் ஒடுங்கியதை நான் பார்த்தேன். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குடித்துவிட்டு வந்து அவன் அப்பன் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவான், அடி விழும் முன் பையன் கை நடுங்கும் என்று ஓபல் உன்னிடம் சொன்னாள் அல்லவா? நான் பையனோடு கொல்லைப்பக்கம் இருந்தேன். திரும்பும் வழியில் காரில் நீ எனக்குச் சொன்னாய். நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இரண்டாம் தடவை, "வெண்டல்!" விழவில்லை. மூன்றாம் தடவை, "வெண்டல்!" விழவில்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் பந்தை எடுத்துப் போய் இரண்டு புள்ளி போட்டீர்கள். அறுபத்திரண்டு, அறுபத்தொன்று. ஏழு விநாடி. ஒரு புள்ளி முன்னால் இருக்கிறவன் எதிராளியை ஃபவுல் செய்து கோட்டில் நிறுத்துவானா? உலகத்தில் எந்தப் பயிற்சியாளரும் செய்ய மாட்டான். செய்தீர்கள்! நோரிஸுக்கு அந்தத் துணிச்சல் ஏழு ஜென்மத்திலும் வராது. அது நீ. நான்காவதும் விழவில்லை.

இப்போது நான் சொல்வதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் கையில் மூணு டைம் அவுட் மீதி இருந்தது. மூணு! முதல் தடவைக்குப் பிறகே கையைத் தூக்கியிருக்கலாம், பையனை வெளியே எடுத்து உட்காரவைத்திருக்கலாம். ஜெயித்திருப்போம். நான் எடுக்கவில்லை. எதிரில் நீ இருந்தாய், மடியில் ஏடு, கையில் பென்சில், என்னையே பார்த்துக்கொண்டு. எடுத்தால் நீ என்னைச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாய் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். எடுக்காமலே ஜெயித்துக் காட்டுகிறேன் என்று நின்றேன். பத்திரிகைக்காரர்களிடம், "பையனுக்கு நெஞ்சுரம் போதல," என்று சொல்லி முடித்தேன். வேறு என்ன சொல்வது?

எனக்குக் கோபம் போய்விட்டது, நம்புவாயா? பெருமையாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் உன்மேல் புதிதாக ஆசை வந்துவிட்டது. நீ இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் நம்மை இந்த நாட்டில் எவன் தொட முடியும்? தேவையானால் உனக்குப் பதவி, சம்பளம் எல்லாம் கேட்டு வாங்குகிறேன்.

வெண்டல் திங்கட்கிழமை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். பதினெட்டு வயது, இரண்டு வாரத்தில் சரியாகிவிடுவான். வராவிட்டாலும் பாதகமில்லை. கார்வில்லில் ஒரு பையன் இருக்கிறான், ஆறடி எட்டு அங்குலம், கை பட்டுப்போல. மார்ச் 20-ம் தேதி அவன் வீட்டுக்குப் போகிறேன். நீயும் வந்தால் நன்றாக இருக்கும். தாய்மார்கள் உன்னைத்தான் நம்புகிறார்கள்.

உன்,
ஆர்லன்


ஸ்டாண்டிஷ்
17 மார்ச் 1975

ஆர்லன்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இனி உன்னை "நீங்கள்" என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. வெளியூர்க்காரர் என்று உன்னைத் தள்ளி வைக்கத்தான் அப்படி எழுதினேன். நாம் இரண்டு பேரும் ஒரே மட்டம்.

நான்காவது எறி தவறியபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தித்தித்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் முகத்தைப் பார்த்தேன். கறிக்கடையில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்தில் டட்டன், "இப்ப எத்தன பேருக்கு வெட்டட்டும் லூயெல்லா?" என்று கத்திச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு கார் நிறுத்துமிடத்தில் உங்கள் பஸ்ஸைப் பார்த்தேன். எல்லாரும் ஏறிவிட்டார்கள். வெண்டல் மட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில், தலை ஈரத்தோடு, அந்தக் குளிரில் நின்றுகொண்டிருந்தான். ஓட்டுநர் அவனை ஏறச் சொல்லி, "வெண்டல்!" என்று உரக்கக் கூப்பிட்டார். பையன் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான், ஆர்லன். ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த அதட்டல் என் யோசனைதான். ஃபவுலும்தான். நோரிஸ், "இது வேணாம் மிஸஸ் டெட்மர், அவன் சின்னப் பையன்," என்றார். இரண்டு தடவை சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

எட்டாம் தேதி சனிக்கிழமை பெல்டன் போனேன். ஓபல் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடம் சொன்னேன், எப்படிச் செய்யச் சொன்னேன், எதற்காக என்று. அவள் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அந்த விஷயத்த எங்க பாஸ்டர்கிட்டகூட நான் சொன்னதில்ல. ஒன்கிட்ட சொன்னேன். நீ பொம்பளையாச்சேன்னு சொன்னேன்."

"தெரியும் ஓபல்."

"ஒனக்கும் ஒன் புருஷனுக்கும் சண்டைன்னா ஒங்க வீட்டுல தட்டு இல்லையா, பானை இல்லையா ஒடைக்க? என் புள்ளதான் கெடைச்சானா?"

உன் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். உன்மேல் பழி போட்டுத் தப்பிக்க வைக்கவில்லை. என் பங்கை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். ஆனால் அந்த ஊர் முழுக்க, செய்தித்தாள் முழுக்க, நெஞ்சுரம் இல்லாதவன் என்று வெண்டலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது பொய் என்று உன் கைப்பட நீ எழுதியிருக்கிறாய். அதை அவர்களிடம் கொடுக்காமல் இருக்க எனக்கு என்ன உரிமை?

ஓபல் படிக்கவில்லை. பின்னறையிலிருந்து வெண்டல் வந்தான், அவன்தான் எடுத்துப் படித்தான். மெதுவாக, உதடு அசைய. ஓர் இடத்தில் நின்றான்.

"மூணு டைம் அவுட்டா?" என்று என்னைக் கேட்டான்.

"மூணு."

"ரெண்டாவது விட்டதுமே நான் கோச்ச பாத்தேன். என்னை வெளிய கூப்பிடுங்கன்னுதான் பாத்தேன். அவர் என்னைத் தாண்டி வேற எங்கயோ பாத்துட்டிருந்தார்." என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒங்களைத்தான் போல," என்றான்.

அவன் அழுவான், திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். கடிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "நீங்க போயிடுங்க மிஸஸ் டெட்மர்," என்றான், மரியாதையாகத்தான். கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். பந்தைத் தொடுவதில்லையாம்.

அவன் இரண்டு வாரத்தில் சரியாகிவிடுவான் என்று எழுதினாய். சரியானது நீதான். நாலே நாளில் சரியாகி, கார்வில் பையனின் உயரத்தை எனக்கு எழுதுகிறாய். ஓர் ஆட்டத்தைப் பிடுங்கினால் உனக்கு வலிக்கும் என்று ஒரு வருஷம் கணக்குப் போட்டேனே, நான் டீச்சராம்! உனக்கு ஆட்டம் தோற்றால் வலிக்காது. அடுத்த ஆட்டம் இல்லாமல் போனால்தான் வலிக்கும்.

நோரிஸிடம் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விவாகரத்துக் காகிதம் வக்கீலிடமிருந்து இந்த மாதமே வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் கடிதத்தை ஓபலிடம் திருப்பிக் கேட்டேன் என்று நினைக்காதே. அவளும் கொடுப்பதாக இல்லை. சமையல் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இது என்கிட்ட இருக்கட்டும்," என்றாள். திங்கட்கிழமை அதைச் சட்டைத் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முந்நூறு பெண்கள் வேலை செய்யும் இடம், ஆர்லன். சுற்றுவட்டாரத்தில் உயரமான பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களில் பாதிப் பேர் அங்கேதான். சாப்பாட்டு இடைவேளையில் உரக்கப் படித்தார்களாம். நான் செய்ததையும் ஓபல் ஒன்றுவிடாமல் சொன்னாளாம். சொல்லட்டும். அந்தப் பக்கத்தில் இனி எந்த வீட்டிலும் எனக்கும் ஒரு வாய் காப்பி கிடைக்காது. அது நியாயம்தான்.

20-ம் தேதி கார்வில் போவதாக எழுதியிருந்தாய். அந்த ஆறடி எட்டு அங்குலப் பையனின் அம்மா பெயர் கேட்டு வைத்திருக்கிறாயா? ஓபலுக்கு அடுத்த தையல் மெஷினில் உட்காருகிறவள். ஒன்பது வருஷமாக.

போ. நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு போ. கதவைத் தட்டு.

லூயெல்லா